நெல்லின் ஈரமும் நெற்றியின் ஈரமும்

(தஞ்சையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கொள்முதல் நிலையத்தின் வாயிலில் நின்றிராதவர் இந்தத் தஞ்சைத் தரணியில் உண்டோ? மூட்டையிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுக்கிறார்கள். கையகலக் கருவியின் வாயில் இடுகிறார்கள். எண் ஒன்று தெரிகிறது. அந்த எண்ணிலே தொங்குகிறது உழவனின் ஆறு மாத உழைப்பு! ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்தால் எடை போடுவார்கள். அதற்கு மேலே சென்றால், ‘காயவைத்துக் கொண்டு வா!’ வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் ஐப்பசியிலே எங்கே காயவைப்பான்? மனு எழுதுகிறோம், மறியல் செய்கிறோம், மன்றத்திலே குரல் எழுப்புகிறோம். டெல்லியிலிருந்து அதிகாரிகள் குழு வருகிறது, அளக்கிறது, திரும்புகிறது. 2022 அக்டோபரில் 19 வரையில் இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். இரண்டே இரண்டு விழுக்காடு! அதற்கு எத்தனை கிளர்ச்சி, எத்தனை கண்ணீர்!

அந்தக் கிளர்ச்சியைக் குறை கூற நான் வரவில்லை. அதிலே நின்றவர்களில் நானும் ஒருவன். நான் கேட்க வந்தது வேறு. நெல்லின் ஈரத்தை அளக்கக் கருவி இருக்கிறது. அளப்பதற்கு ஆள் இருக்கிறார். அளவிலே அநீதி நேர்ந்தால் கேட்பதற்குக் கட்சிகள் இருக்கின்றன. அந்த நெல்லைக் கொண்டுபோய் ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அரைத்து, அரிசியாக்கி நம் இலைக்கு அனுப்புகிறானே ஒருவன், அனுப்புகிறாளே ஒருத்தி, அவர்கள் உடலிலே எத்தனை ஈரம் எஞ்சியிருக்கிறது என்று அளந்தவர் யார்?

அரிசி ஆலைக்குள் போயிருக்கிறீர்களா? வாயில்வரை போயிருப்பீர்கள். மாநாட்டுக்கு நன்கொடை கேட்கப் போயிருப்பீர்கள். வாக்குக் கேட்கப் போயிருப்பீர்கள். இன்று என்னோடு உள்ளே வாருங்கள்.

முதலிலே தொட்டிகள். பழைய முறையென்றால் தண்ணீரில் நெல் இரண்டு மூன்று நாள் ஊறும். புதிய முறையென்றால் 70 டிகிரி சூட்டு நீரிலே மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறிவிடும். அடுத்து அவியல். கொதிகலனிலிருந்து குழாய்வழியே ஆவி பாய்கிறது. உமி பிளந்து, அரிசி வெந்தும் வேகாமலும் ஒரு பக்குவத்துக்கு வருகிறது. கீழ்க்கதவைத் திறந்தால், ஆவி பறக்கப் பறக்கக் கொட்டுகிறது நெல். கொட்டும் இடத்திலே நிற்பவர் முகம் தெரியாது. வெண்புகைக்குள்ளே ஓர் உருவம் அசைவது மட்டும் தெரியும். அதற்கு அப்பாலே கொதிகலனின் அடுப்பு. நெல்லின் தோலையே தின்று நெல்லை அவிக்கும் நெருப்பு அது. உமியைத் தள்ளத் தள்ள உறுமும். சாம்பலை வாரும்போதோ முகத்திலே அறையும்.

அவித்த நெல் களத்துக்குப் போகிறது. சிமெண்டுக் களம். சம்பா, தாளடி அறுவடை முடிந்து தை, மாசியிலே வந்த நெல்லெல்லாம் பங்குனி, சித்திரையிலே களத்தில் விரியும். ‘வெயில் நன்றாக அடிக்கிறது’ என்று மகிழும் இடம் நாட்டிலே ஒன்று உண்டென்றால் அது இந்தக் களம்தான். மற்ற வேலைக்காரன் வெயில் ஏறினால் ஒதுங்குவான். இங்கே வெயில் ஏறினால்தான் வேலையே ஏறும்! வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே பெண்கள் நடக்கிறார்கள். மேலே கதிரவன், கீழே களம், நடுவிலே அந்த நெல்லிலிருந்து எழுகின்ற ஆவி. மூன்று அடுப்புக்கு நடுவே ஒரு மனுஷி!

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். புழுங்கல் நெல்லை ஒரே மூச்சில் உலர்த்தக் கூடாது. உலர்த்தினால் அரிசியில் கீறல் விழும். அரைக்கும்போது குருணையாகப் போகும். ஆகவே பாதி காய்ந்ததும் குவித்து, மூடி, சில மணி நேரம் ஆறவைக்கிறார்கள். நெல்லின் உள்ளேயிருக்கும் ஈரம் மேலே வரவேண்டுமாம். அதன் பிறகே மறுபடி வெயில். அனுபவம் கற்பித்த முறை அது. ஆராய்ச்சியும் அதையே சொல்லிற்று. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்திலே தொடங்கிப் பின்பு தஞ்சைக்கு வந்து, இன்று நிஃப்டெம் என்று பெயர் தாங்கி நிற்கிறதே நெல் பதன ஆய்வு நிறுவனம், அங்கே ஊறும் சூடு எத்தனை, அவிக்கும் நேரம் எத்தனை, உலர்த்தும் வேகம் எத்தனை என்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தார்கள். நல்ல காரியம்; நாடு நன்றி செலுத்தவேண்டிய காரியம். ஆனால் விளைவைப் பாருங்கள், தோழர்களே! நெல் உடைந்துவிடும் என்று நெல்லுக்கு ஓய்வு தருகிறோம். அந்த ஓய்வு வேளையிலே, துழாவிய பெண்ணைச் சாக்குத் தைக்க அனுப்புகிறோம்!

மனித உடல் எப்படித் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது? வியர்வையால். வியர்வை வழிவதாலே குளிர்வதில்லை. அது காற்றிலே உலர்வதாலே குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றே ஈரத்தால் நிரம்பியிருந்தால் வியர்வை உலராது. சட்டையை நனைத்துத் தரையிலே சொட்டும். உள்ளே சூடு அப்படியே நிற்கும். பிரிட்டிஷ் அறிஞர் ஹால்டேன் வெப்பம் மிகுந்த சுரங்கத்திலும் நீராவிக் குளியல் அறையிலும் சோதனை செய்து, 1905இலே உலகுக்கு உரைத்த உண்மை இது. வெப்பமானியின் குமிழிலே ஈரத்துணியைச் சுற்றிப் பாருங்கள். அந்த ‘ஈரக்குமிழ்’ அளவுதான் மனிதனைக் கொல்லும் வெப்பத்தின் உண்மை அளவு என்றார். வானொலியிலே ‘தஞ்சையில் 38 டிகிரி’ என்று கேட்கிறோமே, அது நிழலிலே, திறந்த வெளியிலே எடுத்த அளவு. அவியல் தொட்டியின் அருகே நிற்பவனுக்கு அந்த எண்ணோடு எந்த உறவும் இல்லை.

இதையெல்லாம் நூல் படித்து அறிந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். எனக்கு இதைக் கற்பித்தவர் ஓர் அம்மையார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய நாடகம் ஒன்றை நீடாமங்கலத்துக்குப் பக்கத்திலே ஒரு சிற்றூரில் நடத்தினோம். ஆலைத் தொழிலாளி கதை. அட்டையிலே கொதிகலன் செய்து, உள்ளே சிவப்பு விளக்கு வைத்து, அதற்கு எதிரே கதாநாயகனை நிறுத்தி, பத்து நிமிடம் வசனம் பேசவைத்தேன். அடுக்கு மொழி அருவியாய்க் கொட்டிற்று. கைதட்டல் காதைப் பிளந்தது. திரை விழுந்ததும் முதிய அம்மையார் ஒருவர் மேடைப் பக்கம் வந்தார். முப்பது ஆண்டு களத்திலே நெல் துழாவியவர். “நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா பாய்லர் முன்னாடி நிக்கறவன் இம்புட்டுப் பேசமாட்டான். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். ஒரு சொல்லு வராது” என்றார்.

கைதட்டலெல்லாம் அந்தக் கணமே எனக்குக் காற்றாய்ப் போயிற்று. ஏனென்றால் அந்த உண்மை எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மேடைக்காக மறந்திருந்தேன்.

என் அத்தையின் கணவர், என் மாமா, கொதிகலனுக்கு உமி தள்ளியவர். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். அந்த ஆலை இன்று இல்லை. 2010 சித்திரை. நான் கல்லூரியிலே இரண்டாம் ஆண்டு. கட்டணம் அவர் கட்டியது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். உமி வாரிக்கொண்டிருந்தவர் வாரியைப் போட்டுவிட்டு ஏதோ பேசத் தொடங்கினாராம். சம்பந்தமில்லாத பேச்சு. இறந்துபோன அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். மாட்டை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். நடை தள்ளாடிற்று. உடம்பிலே வியர்வை நின்றுபோயிருந்தது என்று கூட நின்றவர் பின்னர் சொன்னார். மேஸ்திரி வந்து பார்த்தார். “பட்டப் பகல்லேயே போட்டுட்டு வந்திருக்கான். அந்தப் புளியமரத்தடியில கொண்டுபோய்ப் படுக்கவை, தெளியட்டும்” என்றார். படுக்கவைத்தார்கள். அவருக்குத் தெளியவேயில்லை.

மாமா வாழ்நாளில் ஒரு துளி மது தொட்டவர் அல்லர். ஊரோ, ‘குடித்துச் செத்தான்’ என்றது. மேஸ்திரி கெட்டவரா? இல்லை, தோழர்களே. இரங்கல் வீட்டுக்கு வந்து அழுதவர் அவர். அவருக்குத் தெரியாது. தெரியாததுதான் கொன்றது. சித்திரைக்குப் பிறகு நான் கல்லூரிக்குத் திரும்பவில்லை.

இன்று தெரிந்துகொண்டேன், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். உடலின் உட்சூடு 37 டிகிரி. உழைப்பும் வெப்பமும் சேர்ந்து அதை ஏற்றும்போது முதலிலே தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல், மயக்கம். இது எச்சரிக்கை. அப்போதே நிழலும் நீரும் ஓய்வும் கொடுத்தால் மனிதன் மீள்வான். 40ஐத் தாண்டினால் மூளை தடுமாறும். பேச்சுக் குழறும், கோபம் வரும், ஆளை அடையாளம் தெரியாது, கால் பின்னும். குடித்தவன் போலவே இருப்பான்! அதுதான் வெப்பத் தாக்கு. அதற்கு மரத்தடி உறக்கம் மருந்தல்ல. அந்த உறக்கம் நேரே சுடுகாட்டுக்கு அழைத்துப் போகும். தண்ணீரை உடல் முழுதும் ஊற்றவேண்டும், தொட்டி இருந்தால் கழுத்துவரை அமிழ்த்தவேண்டும், விசிறவேண்டும், பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்கவேண்டும். நினைவு தப்பியவன் வாயிலே நீர் ஊற்றக் கூடாது; மூச்சுக் குழலிலே இறங்கிவிடும். 108ஐ அழைக்கவேண்டும், ஆனால் வண்டி வரட்டும் என்று கைகட்டி நிற்கக் கூடாது. குளிர்விப்பது முதலிலே, கொண்டுபோவது அடுத்து. நூறு தொட்டி நீருக்கு நடுவிலே நிற்கும் ஓர் ஆலையில், நீர் படாமல் செத்தார் என் மாமா.

எல்லோருக்கும் இப்படித் திடீரென முடிந்துவிடுவதில்லை. பலருக்கு மெல்ல மெல்ல. நாள்தோறும் நீர் வற்றி வற்றிச் சிறுநீரகம் தேய்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் தமிழ்நாட்டு உப்பளங்களிலும் ஆலைகளிலும் வயல்களிலும் ஆண்டுக்கணக்கிலே அலைந்து அளந்து எழுதியிருக்கிறார்கள். 2016இல் வெளியான அவர்களின் ஆய்வு ஒன்று என்னை உலுக்கியது. வெப்பத்திலே உழைக்கும் பெண்கள் தாகம் எடுத்தும் நீர் அருந்துவதைக் குறைத்துக் கொள்கிறார்களாம். ஏன்? கழிப்பிடம் இல்லை! குடித்தால் ஒதுங்கவேண்டும், ஒதுங்க இடம் இல்லை, எனவே குடிப்பதில்லை. பானையிலே நீர் இருந்தும் பாவையர் தொண்டை வறள்கிறது. 2024இல் அதே குழுவினர் 800 கருவுற்ற பெண்களைக் கவனித்து எழுதியதோ இன்னும் கொடியது. கடும் வெப்பத்திலே உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இருமடங்கு. களத்தைக் கடக்கும்போது அந்தப் பெண்ணின் வயிற்றையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

‘வெயில் நமக்குப் புதிதா? பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து காய்கிறோம்’ என்பார் சிலர். நம்மவர்களே சொல்வார்கள். உடல் வெப்பத்துக்குப் பழகும் என்பது உண்மை. ஒன்று இரண்டு வாரத்திலே வியர்வை சீக்கிரம் சுரக்கக் கற்றுக்கொள்கிறது. உப்பை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. ஆனால் புதிதாக வந்தவனுக்கும், காய்ச்சலிலே பத்து நாள் கிடந்து திரும்பியவனுக்கும் அந்தப் பழக்கம் இராது. எனவே முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், மறுநாள் ஐந்தில் இரண்டு என்று படிப்படியாகத்தான் அவனை வெப்பத்திலே விடவேண்டும் என்பது அறிந்தோர் கூறும் முறை. நாமோ முதல் நாளே முழுச் சுமை! இன்று டெல்டா ஆலைகள் பலவற்றிலே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கிறார்கள். ‘தலை சுற்றுகிறது’ என்பதை அவன் எந்த மொழியில் யாரிடம் சொல்வான்? மொழித் திணிப்பை எதிர்ப்பது வேறு. மயங்கி விழுபவனுக்கு அவன் மொழியிலே எச்சரிக்கை எழுதி வைப்பது வேறு. இதிலே எனக்குக் குழப்பம் இல்லை.

பாட்டனுக்குப் பழையது இருந்தது, நீராகாரம் இருந்தது, உச்சிவேளையிலே படுக்க ஒரு திண்ணை இருந்தது. பழக்கத்தை மட்டும் பேரனுக்குக் கொடுத்துவிட்டுத் திண்ணையை எடுத்துக்கொண்டோம்.

சரி, சட்டம் என்ன சொல்லிற்று?

இயந்திரத்துக்கு வந்தால் சட்டம் கூர்மையாகப் பேசும். 1923இலேயே கொதிகலன்களுக்கு ஒரு சட்டம் வந்தது. 2025இலே அதன் இடத்தில் புதிய சட்டம் வந்திருக்கிறது. கொதிகலனுக்குப் பதிவு எண் உண்டு, அழுத்தமானி உண்டு, பாதுகாப்பு வால்வு உண்டு, ஆய்வாளர் வந்து பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் உண்டு. அழுத்தம் மீறினால் வால்வு தானே திறந்து ஆவியை விடும். நல்லது, கொதிகலன் வெடித்தால் பலர் மடிவார்கள் அல்லவா! ஆனால் அதன் முன்னே நிற்பவனுக்கு எந்த மானி? எந்த வால்வு? பல ஆலைகளிலே அரிசியின் நிறம் பார்த்துக் கறுப்பைக் கழிக்கும் இயந்திரத்தைக் குளிர்சாதன அறையிலே வைத்திருக்கிறார்கள். சூடு ஏறினால் அதன் கண் தவறிவிடுமாம். தவறட்டும் என்று சொல்லவில்லை; மனிதனின் கண் தவறுவதையும் சேர்த்து எண்ணுங்கள் என்கிறேன்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வேலைக்கூடத்திலே உடல்நலத்துக்குத் தீங்கில்லாத வெப்பநிலை நிலவவேண்டும் என்று தன் 13ஆம் பிரிவிலே சொல்லிற்று. கேட்க இனிமை! 18ஆம் பிரிவிலே குடிநீரைப் பற்றிச் சொல்லிற்று. கோடைக்காலத்திலே குளிர்ந்த குடிநீர் தரவேண்டும், எங்கே தெரியுமா? 250 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலையில்! டெல்டாவின் அரிசி ஆலைகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை ஆலையிலே 250 பேர்? இருபது பேர், முப்பது பேர். அவர்கள் தொண்டை தொண்டையில்லையா? அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்கு அறிவிக்கவேண்டிய 29 தொழில் நோய்களை வரிசையிட்டது. ஈயம் இருந்தது, பாதரசம் இருந்தது, பாஸ்பரஸ் இருந்தது. வெப்பத் தாக்கு இல்லை. அறிவிக்க வேண்டாத நோய். ஆகவே கணக்கிலே இல்லாத சாவு.

அந்தச் சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு பிடித்துக்கொண்டது. காற்றோட்டம், வெப்பநிலை, ஈரப்பதம், குடிநீர் என்று அதிலும் சொற்கள் இருக்கின்றன. ஆனால் வாயிற்கதவை உயர்த்திவிட்டார்கள். மின்விசை உள்ள இடத்தில் முன்பு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை. இப்போது 20 வேண்டும். விசையில்லாத இடத்தில் 20 என்பது 40 ஆயிற்று. 12 பேர் வேலை செய்யும் சிற்றாலையிலே ஒருவன் மயங்கி விழுந்தால் அது தொழிற்சாலையிலே விழுந்ததாகாது!

நாச்சியார்கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். காவிரி தந்த வண்டல் மண்ணிலே அச்செடுத்து, பித்தளையை உருக்கி வார்த்து, கடைந்து, மெருகேற்றிக் குத்துவிளக்குச் செய்கிறார்கள். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கூரை தாழ்ந்த பட்டறை, நான்கைந்து பேர். பழைய சட்டமும் அவர்களை எட்டிப் பார்க்கவில்லை. புதிய சட்டமும் பார்க்காது. நம் கூட்டங்களிலே அந்த விளக்கை ஏற்றிவைத்துத்தான் பேசவே தொடங்குகிறோம்.

நம் மாநில அரசு 2024 அக்டோபரிலே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறேன். ஆனால் வானிலைத் துறையின் கணக்கிலே சமவெளியில் 40, கடலோரத்தில் 37 டிகிரி எட்டி, வழக்கத்துக்கு மேல் நாலரை டிகிரி ஏறினால் அலை. கொதிகலன் முன்னே நிற்பவனுக்கு மார்கழியிலும் அலைதான். அதைப் பேரிடர் என்று ஏற்பார்களா? இறப்பின் காரணத்துக்கு உரிய அதிகாரியின் சான்றும் வேண்டும். ‘மாரடைப்பு’ என்று எழுதிவிட்டால் அங்கேயே கதை முடிந்தது.

வெளியுலகம் சும்மா இருக்கவில்லை. மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் திருவாரூரிலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை கடல் கடந்திருக்கிறானே, அவனைக் கேளுங்கள். கத்தார் நாட்டிலே 2021 முதல், ஜூன் தொடங்கிச் செப்டம்பர் நடுவரை காலை 10 மணியிலிருந்து மாலை மூன்றரை வரை திறந்த வெளி வேலைக்குத் தடை. ஈரக்குமிழையும் வெயிலையும் சேர்த்து எடுக்கும் அளவு 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிற்கவேண்டும். சிங்கப்பூரிலே 2023 அக்டோபர் முதல், அந்த அளவு 32 எட்டினால் வெளியிலே கடினவேலை செய்பவனுக்கு மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு; 33 எட்டினால் பதினைந்து நிமிடம். ஜப்பானிலே 2025 ஜூன் முதல், அளவு 28ஐ எட்டினால், கூரைக்குக் கீழே நடக்கும் வேலையானாலும் முதலாளி ஏற்பாடு செய்தே ஆகவேண்டும், தவறினால் தண்டனை. அங்கெல்லாம் மனிதர் அனைவரும் தேவர் என்று நான் சொல்லவில்லை. அந்த நாடுகளிலே நம்மவர் பட்ட பாட்டையும் அறிவேன். ஆனால் சிங்கப்பூரிலே சாரம் கட்டும் மகனுக்கு மணிக்குப் பத்து நிமிடம் உண்டு. நீடாமங்கலத்துக் களத்திலே நெல் துழாவும் தாய்க்கு இல்லை!

‘ஆலைக்காரரே நலிந்து கிடக்கிறார், செலவைத் தாங்குவாரா?’ இதையும் கேட்பார்கள். நலிந்திருப்பது மெய். மூடிய ஆலைகளின் புகைபோக்கிகளை ஊர் ஊராகக் காண்கிறேன். ஆனால் நான் கேட்கும் பொருள் என்ன? இரண்டு வெப்பமானிகள், ஒரு முழம் துணி. நிழலுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை. பானையிலே நீர், உப்பிட்ட மோர். பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பிடம். அடுப்படியிலே ஒருவரே எட்டு மணி நேரம் நிற்காமல் மாறி மாறி நிற்கும் முறை. உலக உழைப்பு அமைப்பு 2019இலே கணக்கிட்டது: 2030இலே வெப்பத்தால் இந்தியா இழக்கப்போகும் உழைப்பு நேரம் நூற்றுக்கு 5.8; மூன்று கோடியே நாற்பது லட்சம் பேரின் முழுநேர வேலைக்குச் சமம். நட்டக் கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் பேரேட்டிலே எழுதட்டும்.

இனி நம்மைப் பற்றி. சித்திரை பிறந்ததும் நாம் என்ன செய்கிறோம்? நாற்சந்தியிலே பந்தல், கொடி, தோரணம், நீர்மோர், தர்ப்பூசணி, திறப்பு விழா, புகைப்படம். மறுநாள் இதே ஏட்டிலே அந்தப் படம். மூன்றாம் நாள் பானை காலி! நானே ஏழெட்டுப் பந்தல் திறந்திருக்கிறேன். ஒன்றையும் ஐந்தாம் நாள் போய்ப் பார்த்ததில்லை. வழிப்போக்கனுக்கு மோர் கொடுப்பது அறம்தான். ஆனால் அவன் வெயிலைக் கடந்து போய்விடுவான். கடக்க முடியாமல் அதற்குள்ளேயே எட்டு மணி நேரம் நிற்பவனுடைய வாசலுக்கு நம் பந்தல் ஏன் போகவில்லை?

இந்தக் கோடையிலே கிளைக்கு ஓர் ஆலையை எடுத்துக் கொள்ளுங்கள். முழக்கமிட்டு நுழையவேண்டாம், ஆலைக்காரரும் நம் ஊர்க்காரர், பேசினால் கேட்பார். வெப்பமானி இரண்டை அவியல் கூடத்திலே தொங்கவிடுங்கள். ஒன்றிலே ஈரத்துணி சுற்றுங்கள். நாளுக்கு மூன்று வேளை அளவை ஒரு நோட்டிலே குறிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரியை உட்காரவைத்து, குழறுபவன் எல்லாம் குடித்தவன் அல்லன் என்று பக்குவமாய் எடுத்துச் சொல்லுங்கள். என் மாமாவின் கதையையே சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை. யாராவது விழுந்தால், விழுந்த நேரம், அப்போதைய வெப்பம், உடல் சுட்டதா, பேச்சு எப்படி இருந்தது, கூட இருந்தவர் யார், அனைத்தையும் அன்றைக்கே எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். மருத்துவர் கண்ணால் கண்டதைத்தான் எழுதுவார். நாம் சொல்லாததை எப்படி எழுதுவார்? அந்தத் தாள் இருந்தால், தொழிலாளர் ஈட்டுறுதியிலும் இழப்பீட்டு விதிகளிலும் அந்தக் குடும்பம் வழக்காட ஒரு பிடி கிடைக்கும்.

அந்த நாடகத்தை மறுபடி எழுதிவிட்டேன். பத்து நிமிட வசனத்தை எடுத்துவிட்டேன். அவன் இப்போது உமி வாருகிறான், நிற்கிறான், வாய் திறக்கிறான், சொல் வரவில்லை. நடிகருக்கு அது பிடிக்கவில்லை. கைதட்டல் விழாது என்கிறார். விழாமற் போகட்டும் என்றேன்.

சென்ற மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். தகரப் பெட்டியிலே சேலைக்கு அடியில் மாமாவின் இறப்புத் தாளை வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். மாரடைப்பு என்றிருக்கிறது. வெப்பத்தால் நேர்ந்த சாவுக்கு அரசு பணம் தருகிறதாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “பணம் கெடக்கட்டும்டா. குடிச்சுச் சாகலேன்னு இதுல மாத்தி எழுதித் தருவாங்களா?” என்று கேட்டார். பதினைந்து ஆண்டுக்கு மேலாயிற்று அத்தை, இனி மாற்ற வழியில்லை என்றேன். தாளை மடித்து மறுபடி சேலைக்கு அடியிலே வைத்துவிட்டு, எனக்குச் சோறு போட எழுந்தார். புழுங்கலரிசிச் சோறு.